வார்டு எல்லையும் ரெண்டு நிமிஷ மைக்கும்

'தொகுதி மறுவரையறை'ன்னு சொன்னாலே நம்ம மக்களுக்கு ஞாபகம் வர்றது ஒண்ணுதான். தமிழ்நாட்டோட 39 எம்.பி. சீட்டு குறையுமா, நிக்குமா? 1971 சென்சஸ், 42வது திருத்தம், 84வது திருத்தம் எல்லாம் டீக்கடை வரைக்கும் அத்துப்படி. நான் எழுதப் போறது அதைப் பத்தி இல்லைங்க. சீட்டு எத்தனைங்கறது ஒரு சண்டை. கோடு எந்தத் தெரு வழியா போகுதுங்கறது இன்னொரு சண்டை. அந்த ரெண்டாவது சண்டையில, அமெரிக்காவுல ஒரு நகரத்துல, 2021 நவம்பர்ல இருந்து 2022 ஏப்ரல் வரைக்கும் நானும் கொஞ்சம் கலந்துக்கிட்டேன். (ஓட்டுரிமை இல்லாதவனுக்கு அங்க என்ன வேலைன்னு கேக்கறவங்க கொஞ்சம் பொறுங்க, வர்றேன்.)

ஊர் பேரு வேண்டாம். கலிஃபோர்னியாவுல சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடா ஓரமா இருக்கற ஐடி ஊர்கள்ல ஒண்ணுன்னு வெச்சுக்கங்க. மக்கள் தொகை ஒரு லட்சத்து எட்டாயிரம் சொச்சம். ஆறு கவுன்சிலர், ஒரு மேயர். அங்க 'டிஸ்ட்ரிக்ட்'னு சொல்வாங்க. மாவட்டம்னு நினைச்சுடாதீங்க, நம்ம கணக்குல அது வார்டுதான். பத்து வருஷத்துக்கு ஒருதரம் சென்சஸ் முடிஞ்சதும் வார்டு எல்லைகளை மறுபடி பார்த்து வரையணும். 2020 சென்சஸ் விவரம் கொரோனாவால இழுத்துக்கிட்டே போய் 2021 ஆகஸ்ட் 12 அன்னிக்குத்தான் வந்துது. மார்ச் முடியறதுக்குள்ள வந்திருக்க வேண்டியது. அதனால எல்லா ஊர்லயும் அவசரம். 2022 நவம்பர்ல தேர்தல் வெச்சிருந்த எங்க மாதிரி நகரங்களுக்கு 2022 ஏப்ரல் 17 கெடு.

நான் அப்பத்தான் எம்.எஸ். முடிச்சு வேலைக்குச் சேர்ந்து சில மாசம் ஆகியிருந்துது. எஃப்-1 விசா, ஓபிடி. பகல் முழுக்க ஆணி பிடுங்கறது, ராத்திரி ஊருக்கு போன் பேசறது, ஞாயித்துக்கிழமை துணி துவைக்கறது. அந்த லாண்ட்ரி ரூம் போர்டுலதான் நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க: 'வார்டு எல்லைகள் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டம், ஜூம் வழியாக, யார் வேண்டுமானாலும் பேசலாம்'. அந்த 'யார் வேண்டுமானாலும்'தான் என்னை நிறுத்துச்சு. மிஷின்ல துணி சுத்தி முடிக்க இன்னும் இருபத்தெட்டு நிமிஷம் இருந்துது, போன்ல தேட ஆரம்பிச்சேன்.

2019ல கலிஃபோர்னியாவுல ஒரு சட்டம் வந்துது. 'ஃபேர் மேப்ஸ் ஆக்ட்', ஏபி 849. நகராட்சி தன்னோட வார்டு கோட்டைத் தானே வரையற இடத்துல குறைஞ்சது நாலு கூட்டமாவது நடத்தி மக்கள்கிட்ட கேக்கணும்னு அப்ப இருந்துது. அதுல ஒண்ணாவது சனி ஞாயிறுலயோ, வேலைநாள்னா சாயங்காலம் ஆறு மணிக்கு மேலயோ இருக்கணும்னும் இருந்துது. குடியுரிமை இருக்கான்னு பேசறவங்களை யாரும் கேக்கறதில்லை. எனக்கு அதைவிட முக்கியமா பட்டது இன்னொண்ணு. கோடு எதை வெச்சுப் போடணும்ங்கறதை அந்தச் சட்டம் வரிசை போட்டுச் சொல்லியிருக்கு, முடிஞ்சவரைக்கும் அந்த வரிசைப்படிதான் போகணும்னும் இருக்கு. முதல்ல வார்டு துண்டு துண்டா இல்லாம ஒட்டி இருக்கணும். ரெண்டாவது, அக்கம்பக்கத்தையும் ஒரே மாதிரி தேவையும் புழக்கமும் உள்ள மக்களையும் உடைக்கக் கூடாது. மூணாவது, ரோடு, ஓடைன்னு பார்த்ததும் தெரியற எல்லையா இருக்கணும். நாலாவது, வால் நீட்டிக்கிட்டுப் போகாம அடக்கமா இருக்கணும். சட்டம் படிக்கறது எனக்குப் புதுசு, ஆனா ஸ்பெக் படிச்சுப் பழக்கம் இருக்கே. ரெண்டும் மூணும் முட்டிக்கிட்டா ரெண்டு ஜெயிக்கணும். இதைக் குறிச்சு வெச்சுக்கிட்டேன்.

ஏன்னா எங்க பிரச்சினையே அந்த முட்டல்தான். எங்க அபார்ட்மெண்ட் வாசல்ல ஆறு லேன் மெயின் ரோடு. இந்தப் பக்கம் மூணு வளாகம் சேர்த்து சுமார் 1,900 பேர். பாதிக்கு மேல நம்ம ஊர்க்காரங்க, மீதி மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் குடும்பங்க. எல்லாரும் வாடகை. அந்தப் பக்கமும் அதே மாதிரி அபார்ட்மெண்ட், அதே மாதிரி வாடகை, காய்கறிக் கடை, பூங்கா. எல்லாத்துக்கும் மேல, குழந்தைகளோட எலிமெண்டரி ஸ்கூல் அந்தப் பக்கம். வார்டு எல்லை எங்க போச்சு? நடு ரோட்டுல. இந்தப் பக்கம் 4வது வார்டு, அந்தப் பக்கம் 3வது வார்டு. மேப்ல பார்த்தா ரொம்ப அழகான கோடு!

கீழ் வீட்டு அக்காவுக்குத்தான் அதோட வலி தெரியும். தஞ்சாவூர்ப் பக்கம். ஊர்ல டீச்சரா இருந்தவங்க, அங்க ஹெச்-4ல வந்து வேலைக்குப் போக முடியாம வீட்ல இருந்தாங்க. பையனுக்கு அப்ப ஏழு வயசு. சிக்னலுக்குப் போகணும்னா எந்தப் பக்கமும் கால் மைல் நடக்கணும், அதனால பாதிப்பேர் நடுவுலயே ஓடிக் கடப்பாங்க. அந்த இடத்துல பட்டன் அழுத்தினா வண்டி நிக்கற மாதிரி ஒரு விளக்கு வேணும்னு அக்கா 2019ல இருந்து மெயில் அனுப்பிக்கிட்டு இருந்தாங்க. 4வது வார்டு ஆபீஸ், 'ஸ்கூல் 3வது வார்டு, அங்க கேளுங்க'ன்னுது. 3வது வார்டு ஆபீஸ், 'நீங்க எங்க வார்டு இல்லையே'ன்னுது. ரெண்டு பேருமே ரொம்ப மரியாதையா பதில் போட்டிருந்தாங்க, அதையும் சொல்லணும்.

இது எங்க ஊருக்கு மட்டும் வந்த சீக்கு இல்லை. லாஸ் ஏஞ்சலீஸ்ல கொரியா டவுன்னு ஒரு பகுதி. 1992 கலவரத்துல எரிஞ்சு போன கடைக்காரங்க உதவி கேட்டுப் போனப்ப, ஒவ்வொரு உறுப்பினரும் 'அது என் தொகுதி இல்லை'ன்னு கைகாட்டி விட்டாங்களாம். அந்தச் சின்ன இடம் அப்ப நாலு நகர வார்டாவும் அஞ்சு மாநில சட்டமன்றத் தொகுதியாவும் வெட்டப்பட்டுக் கிடந்துது. எல்லாருக்கும் ஒரு துண்டு, யாருக்கும் பொறுப்பு இல்லை. 2021 மறுவரையறையிலதான் நகர கவுன்சில்ல அது முழுசா ஒரே வார்டுக்குள்ள வந்துது.

சரி, என் யோக்கியதை என்ன? ஓட்டு இல்லை. அது போகட்டும். அமெரிக்காவுல தொகுதியைச் சமமா பிரிக்கறது பொதுவா மொத்த ஆள் கணக்கை வெச்சுத்தான், குழந்தை, விசாக்காரன் எல்லாரையும் சேர்த்து. அப்படிச் செய்யறது சரிதான்னு 2016ல ஈவன்வெல் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆனா 2020 ஏப்ரல் 1 அன்னிக்கு நான் வேற மாநிலத்துல மாணவன், என் தலை அங்கதான் எண்ணப்பட்டிருக்கு. ஆக ஓட்டர் லிஸ்ட்லயும் இல்லை, அந்த 1,900லயும் இல்லை. ரூம்மேட் வேற பயமுறுத்தினான். "டேய், இதெல்லாம் ரெக்கார்ட் ஆகும், நாளைக்கு விசாவுக்கு ஆப்பு வெச்சுடுவாங்க." நான் ஒண்ணும் பதில் சொல்லலை, ஜூம் பேரை மட்டும் இனிஷியலா மாத்திக்கிட்டேன் :-)

முதல் கூட்டம் நவம்பர்ல. அஜெண்டாவுல எட்டாவது ஐட்டம். ஏழு மணிக்கு உக்காந்தா, மரம் வெட்டற அனுமதி, குப்பை வண்டி காண்ட்ராக்ட் எல்லாம் முடிஞ்சு பத்தரைக்கு மேலதான் கோட்டுக்கு வந்தாங்க. ஆளுக்கு ரெண்டு நிமிஷம், திரையில டைமர் ஓடும். எனக்கு முன்னாடி ஒம்போது பேர் வரிசையா தனி வீட்டுக்காரங்க, எல்லார் பின்னாடியும் ஒரே பேக்ரவுண்ட் படம், கிட்டத்தட்ட ஒரே பேச்சு. 'எங்க ஏரியாவை உடைக்காதீங்க, 1968ல இருந்து இங்க இருக்கோம்.' தப்பு சொல்ல மாட்டேன். அவங்களுக்குச் சங்கம் இருக்கு, ஆள் இருக்கு, நேரம் இருக்கு. அபார்ட்மெண்ட் பக்கத்துல இருந்து அன்னிக்குப் பேசினது நான் ஒருத்தன்தான். வாடகைக்கு இருக்கறவன் அடுத்த வருஷம் எங்க இருப்பான்னு அவனுக்கே தெரியாது, பத்து வருஷ மேப்புக்காக ராத்திரி பதினோரு மணி வரைக்கும் எவன் உக்காருவான்? நான் சட்டத்தோட வரிசையைச் சொல்லி, ரெண்டாவது விதி மூணாவதுக்கு மேலன்னு முடிச்சேன். 'நன்றி, அடுத்தவர்.' அவ்வளவுதான்.

நடுவுல ரூம்மேட்டுக்கே ஆர்வம் வந்துடுச்சு. "எதுக்குடா இந்தக் கூட்டம் எல்லாம்? கிராஃப் பார்ட்டிஷன் தானே, ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டிடலாம்." நகராட்சி வெப்சைட்லயே மேப் வரையற டூல் குடுத்திருந்தாங்க, ரெண்டு பேரும் ஒரு சனிக்கிழமை முழுக்க நோண்டினோம். சென்சஸ் பிளாக்னு குட்டிக் குட்டிக் கட்டம், ஒவ்வொண்ணையும் ஏதாவது ஒரு வார்டுல போடணும். சமமா பிரிச்சு அடக்கமாவும் வரணும்னா கணக்கு ரீதியாவே அது என்பி-ஹார்ட் வகை. ஆனா நல்லா வேலை செய்யற குறுக்கு வழிகள் இருக்கு, பத்து நிமிஷத்துல பத்து மேப் தரும். சமாச்சாரம் என்னன்னா, எந்த மேப்லயும் ஸ்கூல் பையன் எந்த ரோட்டைக் கடக்கறான்ங்கற விவரம் கிடையாது. சென்சஸ்ல அந்தக் கேள்வியே இல்லையே. (இன்னொரு கூத்து: தனி ஆளை அடையாளம் கண்டுடக் கூடாதுன்னு 2020 சென்சஸ்ல பிளாக் எண்கள்ல வேணும்னே கொஞ்சம் கூட்டிக் குறைச்சுக் கலக்கியிருக்காங்க. டிஃபரென்ஷியல் பிரைவசி. எங்க பூங்கா பிளாக்ல யாரோ குடியிருக்கறதா காட்டினப்ப ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.) அந்த விவரத்தை யாராவது வாயால சொன்னாத்தான் உண்டு. அதுக்குத்தான் கூட்டம்.

பிப்ரவரி கூட்டத்துக்கு அக்காவை இழுத்துட்டு வந்தேன். முன்கூட்டியே கேட்டா மொழிபெயர்ப்பாளர் வைப்பாங்க, ஆனா அந்த ஊர் லிஸ்ட்ல தமிழ் கிடையாது. "என் இங்கிலீஷ் ஸ்கூல் இங்கிலீஷ் தம்பி, சிரிப்பாங்க"ன்னு தயங்கினாங்க. "நீங்க பேசறதுக்கு கிராமர் டெஸ்ட் இல்லைக்கா"ன்னேன். நான் எழுதிக் குடுத்த பேப்பரைத் தொடவே இல்லை. அவங்க சொன்னது இவ்வளவுதான்: தினமும் காலைல எட்டு பத்துக்கு அந்த ரோட்டோரம் நிக்கறேன். என் பையன் ஒருத்தன், மத்தவங்க குழந்தைங்க பதிமூணு. அவங்க அம்மாக்கள் வேலைக்குப் போறவங்க, நான்தான் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு கையை நீட்டி வண்டியை நிறுத்தறேன். மூணு வருஷமா ரெண்டு ஆபீசுக்கும் எழுதறேன். எங்க ஏரியா ரோட்டோட முடியலை, ரோட்டுக்கு அந்தப் பக்கமும் இருக்கு. முடிக்கறப்ப டைமர்ல இன்னும் நாப்பது செகண்ட் மிச்சம்.

ஒரு கவுன்சிலர் மேப் வரையற கன்சல்டண்ட்கிட்ட, "அந்த மூணு வளாகத்தையும் 3வது வார்டுல போட்டா என்ன ஆகும், இப்பவே காட்ட முடியுமா"ன்னாங்க. திரையில கோடு நகர்ந்துச்சு. எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு, பொய் சொல்லலை. நகர்ந்த உடனே ஓரத்துல எண் சிவப்பாச்சு: 11.7 சதவீதம். பெரிய வார்டுக்கும் சின்ன வார்டுக்கும் உள்ள வித்தியாசம் சராசரியில பத்து சதவீதத்துக்குள்ள இருக்கணும்ங்கறது நீதிமன்றத் தீர்ப்புகள் வழியா வந்த நடைமுறை. சராசரி 18,000, அப்ப 1,800க்குள்ள. 3வது வார்டு உப்பிப் போச்சு. கன்சல்டண்ட் அதோட வடக்கு முனையில ஒரு துண்டை எடுத்து 2வது வார்டுல போட்டார். 7.8. பச்சை. எல்லாரும் தலையாட்டினாங்க.

அந்தத் துண்டுல என்ன இருந்துச்சுன்னு அடுத்த கூட்டத்துலதான் தெரிஞ்சுது. மொபைல் ஹோம் பார்க். நிரந்தரமா நிறுத்தி வெச்ச ரெடிமேட் வீடுகள். வீடு இவங்களோடது, அடியில இருக்கற நிலம் வேற ஒருத்தரோடது, நிலத்துக்கு மாச வாடகை. சுமார் 700 பேர், நிறைய வயசானவங்க. மொழிபெயர்ப்பாளர் வழியா ஒரு வியட்நாம் பெரியவர் பேசினார். நில வாடகை ஏறாம இருக்க அவங்க கவுன்சிலரைப் பல வருஷமா பழக்கி வெச்சிருக்காங்க, இப்ப தனி பங்களா வீடுகள் இருக்கற வார்டுல கொண்டு போய்ச் சேர்த்தா எங்க குரல் அங்க எடுபடுமான்னு கேட்டார். அப்புறம் ஒண்ணு சொன்னார். அங்க வார்டு தேர்தல் ஒரே நாள்ல நடக்காது. மூணு வார்டுக்கு 2018, 2022. மீதி மூணுக்கு 2020, 2024. இவர் 3வது வார்டுல 2018ல ஓட்டு போட்டவர், அடுத்து 2022. 2வது வார்டுக்கு மாத்தினா 2024தான். "ஆறு வருஷம் நான் யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது. எனக்கு எண்பத்தொண்ணு வயசு." மொழிபெயர்ப்புக்கு நேரம் இரட்டிப்பு, நாலு நிமிஷம். அவர் அதுல மூணுதான் எடுத்துக்கிட்டார்.

எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. நாங்க கேட்டது நியாயம்தான், இப்பவும் அப்படித்தான் நினைக்கறேன். ஆனா எங்க பக்கத்து 1,900 பேர்ல ஓட்டுரிமை உள்ளவங்க கொஞ்சம் பேர். அந்தப் பார்க்ல இருந்தவங்கள்ல நிறைய பேர் தவறாம ஓட்டு போடறவங்க. நாங்க நகர்ந்ததுக்கு அவங்க நகரணுமா? ராத்திரி பூரா டூல்ல உக்காந்து, பார்க்கைத் தொடாம வேற எங்க 700 பேரை எடுக்கலாம்னு பார்த்து ரெண்டு மேப் அனுப்பினேன். ஒண்ணுல 1968 கோஷ்டியோட ஏரியாவுல நாலு தெரு 2வது வார்டுக்குப் போகும். அவங்களுக்கும் அதே ரெண்டு வருஷத் தள்ளல்தான், ஆனா நாலு தெரு போனாலும் சங்கம் சங்கமாத்தான் இருக்கும்ங்கறது என் கணக்கு. அது என்ன ஆகும்னு நீங்களே ஊகிச்சிருப்பீங்க. அடுத்த கூட்டத்துல அவங்க பத்தொம்போது பேர் வந்தாங்க.

ஏப்ரல்ல 5-2ன்னு ஓட்டெடுப்பு. நாங்க 3வது வார்டு, மொபைல் ஹோம் பார்க் 2வது வார்டு. அந்த ரெண்டு எதிர் ஓட்டும் பார்க்குக்காக விழுந்தது. அக்கா போன்ல "ஜெயிச்சுட்டோம் தம்பி"ன்னாங்க. நான் ஆமாக்கான்னேன். பார்க் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

தன் தொகுதியைத் தானே வரையற கவுன்சில்கிட்ட இவ்வளவுதான் எதிர்பார்க்க முடியும்னு நண்பர்கள் சொல்றாங்க. ஓரளவு உண்மை. 2021 அக்டோபர்ல லாஸ் ஏஞ்சலீஸ்ல மூணு கவுன்சிலர்களும் ஒரு தொழிற்சங்கத் தலைவரும் மூடின அறைக்குள்ள, யார் வார்டுக்கு எது வரணும்னு இனவெறிப் பேச்சோட பேசினது ஒரு வருஷம் கழிச்சு ஒலிப்பதிவா கசிஞ்சுது. கவுன்சில் தலைவர் நூரி மார்ட்டினெஸ் பதவியை விட்டுட்டுப் போனார். 2024 நவம்பர்ல அந்த ஊர் மக்கள் ஓட்டு போட்டு, கோடு வரையற வேலையைத் தனி ஆணையத்துக்குக் குடுத்துட்டாங்க. மாநில அளவுல கலிஃபோர்னியாவுக்கு 2008லயே அப்படி ஓர் ஆணையம் வந்துடுச்சு, 14 பேர். (2025 நவம்பர்ல பிராப்பொசிஷன் 50 ஜெயிச்சு, 2030 வரைக்கும் அமெரிக்க நாடாளுமன்றத் தொகுதிகளை மட்டும் அந்த ஆணையத்தோட கையில இருந்து எடுத்துட்டாங்க. அது டெக்சாஸோட போட்டிக்குப் போட்ட மேப், தனிக் கதை.) ஆணையம் வந்தாலும் 700 பேரை எங்கயாவது வெச்சுத்தான் ஆகணும், அது வேற விஷயம். ஆனா அந்தப் பெரியவர் பேசினப்ப எதிர்ல உக்காந்திருந்தவங்கள்ல ஒருத்தருக்காவது, 'பத்தொம்போது பேர் எனக்கு ஓட்டு போடுவாங்களா'ங்கற கணக்கு இல்லாம இருந்திருக்கும்.

விளக்கு 2024ல வந்துது. பட்டன் அழுத்தினா மஞ்சள் விளக்கு பளிச் பளிச்னு அடிக்கும், பாதிக்கு மேல வண்டி நிக்குது. அக்கா குடும்பம் வாடகை தாங்காம 2023லயே டாலஸ் போயிட்டாங்க. போட்டோ எடுத்து வாட்சப்ல அனுப்பினேன், 'கலர் நல்லாருக்கு'ன்னு பதில் வந்துது. பையன் அங்க பொறந்தவன், 2032ல அவனுக்கு ஓட்டு வந்துடும்.

எங்கப்பாகிட்ட இதெல்லாம் சொன்னப்ப அவர் பழைய கதையை எடுத்தார். எங்களுக்கு கோபிச்செட்டிபாளையம். 2004 தேர்தல் வரைக்கும் அது ஒரு நாடாளுமன்றத் தொகுதி. மறுவரையறையில அது காணாமப் போய், எங்க சட்டமன்றத் தொகுதி திருப்பூரோட சேர்ந்துடுச்சு. "நம்மள யாரு கண்ணு கேட்டாங்க?"ன்னார். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அந்த ஆணையத்துக்கான 2002 சட்டத்தைத் தேடிப் படிச்சேன். உத்தேசப் பட்டியலை கெசட்ல போடணும், ஆட்சேபணை வாங்கணும், பொது அமர்வு நடத்தணும். எல்லாம் இருக்கு. அப்புறம் ஆணை வந்துட்டா கோர்ட்டுக்குக் கூடப் போக முடியாதுன்னு அந்தச் சட்டத்துல இருக்கு, அதனால பேச வேண்டிய நேரம் அந்த அமர்வு மட்டும்தான். அப்பாவுக்கு அப்படி ஒண்ணு உண்டுன்னே தெரியாது. எங்க தெருவுல யாருக்கும் தெரிஞ்ச மாதிரி இல்லை.

டிஸ்கி: அந்தக் காலத்துல தமிழ்நாட்டுல அந்த ஆணையத்தோட அமர்வுக்கு நேர்ல போனவங்க, மனு குடுத்தவங்க யாராவது இதைப் படிச்சா, எங்க நடந்துச்சு, எவ்வளவு நேரம் பேச விட்டாங்க, ஏதாவது மாறுச்சான்னு பின்னூட்டத்துல எழுதுங்க. எங்கப்பா கேட்டுக்கிட்டே இருக்கார்.